ஜெனிட்டா எழுதாத மன்னிப்புக் கடிதம்

ஜெனிட்டாவுக்கு மீன் குழம்பு வைக்க வராது. கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது வெட்கக்கேடு என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "அப்ப நல்லா வைக்கத் தெரிஞ்சவங்க வைக்கட்டும் அத்தே" என்பாள். மூன்று வருடமாக நான்தான் வைக்கிறேன். அவள் என் மகன் சகாய ஆனந்தின் பெண்டாட்டி. மருமகளைப் புகழ்ந்து பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. இப்போதும் புகழப் போவதில்லை. சிதம்பரத்தில் ஒரு வீட்டில் நடந்ததைத் தெருவில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லித் திரிகிறார்கள். கூட இருந்தவள் நான். அதனால் சொல்கிறேன்.

அவள் வேலை, வீடுகளில் ஏசி டக்ட் சுத்தம் செய்வது. சுவரில் மாட்டுகிற ஏசி இல்லை. வசதியான வீடுகளில் ஒரே ஒரு பெரிய மெஷினைக் கூரைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, பொய்க்கூரைக்கு மேலே தகரத்தில் சதுரக் குழாய் அடித்து அறை அறையாகக் காற்றைக் கொண்டு போகிறார்கள். அந்தக் குழாய்தான் டக்ட். ஒவ்வொரு அறையிலும் காற்று வெளியே வர ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். அதற்குக் கிரில் என்று பெயர். சுற்றி முடித்த காற்று மறுபடி மெஷினுக்குப் போக ஹாலில் ஒரு பெரிய கிரில் இருக்கும். காற்றோடு தூசியும் சுற்றும். தூசியில் ஈரம் பட்டால் பூசணம் பூக்கும். இந்த ஊர்க் காற்றில் நாலு நாள் மடித்து வைத்த துணியிலேயே பூக்கிறது, தகரக் குழாய்க்குள் பூக்காதா?

ஜெனிட்டாவின் அப்பா சந்தியாகு, துறைமுகத்தில் ஐஸ் ஃபாக்டரியில் வேலை செய்தவர். மெஷின் சத்தத்திலேயே வளர்ந்தவள் ஐ.டி.ஐ.யில் ஏசி மெக்கானிக் படித்தாள். வகுப்பில் மற்ற எல்லாரும் ஆம்பிளைப் பிள்ளைகள். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஏசி கம்பெனியில் வேலை கிடைத்தது. படித்த வேலை இல்லை, வருகிற போனை எடுத்துப் புகார் எழுதிக்கொள்கிற வேலை. ஒன்றரை வருடம் போன் எடுத்தாள். தினமும் சூப்பர்வைசர் ஸ்ரீதரிடம் போய், "டக்ட்டுக்கு அனுப்புங்க சார்" என்று கேட்டாள். அந்தக் கம்பெனியில் பொம்பளை ஏணியில் ஏறியதே இல்லை. கடைசியில் ஒரு நாள், ஆம்பிளைகள் யாருக்கும் தோள் நுழையாத ஒரு இடுக்கில் இவள் நுழைந்து வேலையை முடித்துவிட்டு வந்தாள். அதிலிருந்து இவளுக்கும் டக்ட் வேலை கொடுத்தார்கள்.

பக்கத்து வீட்டு ஜோதி மேரிக்கு அது பொறுக்கவில்லை. "அழுக்குக் குழாயில படுத்து எழுந்து வந்தா வயித்துல எப்படி தங்கும்? கல்யாணமாகி மூணு வருசம் ஆவுது" என்றாள், ஜெனிட்டா காதில் விழும்படி.

"உன் வயித்துல அஞ்சு தங்குச்சே, அதுல ஒண்ணாச்சும் உனக்குச் சோறு போடுதா?" என்று கேட்டேன். அதோடு உள்ளே போய்விட்டாள்.

சிதம்பரத்து வீடு அண்ணாமலை நகர்ப் பக்கம். வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி அரிசி மில் வைத்திருந்தவர். அவர் மனைவி தங்கம்மாள். ஆறு வயதுப் பேத்தி இசைவாணி அவர்களோடு இருக்கிறாள். அந்தக் குழந்தைக்கு மூச்சு இழுப்பு. வீட்டில் பழந்துணி நாற்றம் அடிக்கிறது, டக்ட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஜெனிட்டாவும் கதிரவன் என்ற ஆளும் ஒரு புதன்கிழமை போய் நாள் முழுக்க வேலை செய்தார்கள். அன்றைக்கு வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே, "அத்தே, அந்த வூட்டு அழுக்கு தூசி இல்ல. மை மாதிரி விரல்ல ஒட்டுது" என்றாள்.

"முதல்ல கைய கழுவு, அப்புறம் விரலக் காட்டு" என்றேன்.

பதினைந்து நாள் கழித்து ஸ்ரீதர் போன் செய்தான். ஜெனிட்டா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தாள். முழுவதும் கேட்டேன்.

"சிதம்பரம் வூட்டுல மறுபடி நாத்தமாம். கிரில்லைச் சுத்தி கருப்பா இருக்குதாம். குழந்தைக்கு மறுபடி இழுக்குதாம். பொம்பளைய அனுப்பி ஏமாத்திட்டாங்கன்னு நெட்டுல எழுதி வச்சிருக்காரு, பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"பெரிய இடம். அவருக்குப் பழக்கம் ஜாஸ்தி. நீ ரெண்டு வரி எழுதிக் குடுத்துடு. சரியா சுத்தம் பண்ணல, மன்னிச்சிருங்கன்னு. கதிரவன் போய் மறுபடி பண்ணிடுவான். அவனும் சொல்றான், நீ சரியாத் தேய்க்கலன்னு."

"நான் சரியாத்தான் சார் பண்ணேன். வேலை முடிஞ்சப்புறம் எடுத்த போட்டோ இருக்குது."

"அப்புறம் பதினஞ்சு நாள்ல கருப்பு எங்கேருந்து வந்துச்சு?"

"அதத்தான் பாக்கணும்."

"பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல ஜெனிட்டா. லெட்டர் குடுத்தீன்னா போன் எடுக்குற வேலையாச்சும் மிஞ்சும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "லெட்டர் குடுத்தா என்னை ஏணில ஏத்த மாட்டீங்க. எனக்கப்புறம் வர்ற எந்தப் பொண்ணயும் ஏத்த மாட்டீங்க. வெள்ளிக்கிழமை என்னை அங்க வுடுங்க. தப்பு என் மேல இருந்தா அங்கயே எழுதிக் குடுத்துட்டு வரேன்."

"கூட ஆள் தர மாட்டேன்" என்றான்.

"வேணாம் சார்."

போனை வைத்ததும், "ஏன்டி வெள்ளிக்கிழமை?" என்று கேட்டேன். அந்த மனுஷன் எழுதியிருந்ததை எனக்குப் படித்துக் காட்டினாள். சனிக்கிழமை காலையில் நாற்றம் ஜாஸ்தி, புதன்கிழமை காலையிலும் ஜாஸ்தி, அந்த இரண்டு நாளும்தான் குழந்தைக்கு இழுப்பு என்று வரிசையாக எழுதியிருந்தார். "முந்தின நாள் அந்த வூட்டுல என்னமோ நடக்குது அத்தே. நான் போனது புதன்கிழமை. நடக்கறப்ப நான் பாக்கல" என்றாள்.

குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி ஷிப்டு முடிந்து வந்த என் மகன் விஷயத்தைக் கேட்டான். "எழுதிக் குடுத்துடு ஜெனி. எதுக்கு வம்பு?" என்றான்.

"நீ கம்பெனில தலையாட்டறது பத்தாதா? அவளும் ஆட்டணுமா?" என்றேன். அவன் சாப்பிட உட்கார்ந்தான்.

இரண்டு ஆள் வேலைக்கு ஒருத்தியை அனுப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன். "நீங்க எதுக்கு அத்தே?" என்றாள். "டார்ச் பிடிக்கறதுக்கு ஐ.டி.ஐ. படிக்கணுமா?" என்று கேட்டேன். சின்ன வேக்குவம் மெஷின், அதன் நீளக் குழாய், பிரஷ், டக்ட்டுக்குள் விட்டுப் பார்க்கிற கேமரா வயர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

கண்டக்டர் குழாயைப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, யானையோட தும்பிக்கைய மட்டும் கொண்டாந்திருக்கீங்க?" என்றான்.

"யானை பின்னாடி பஸ்ஸுல வருது. ரெண்டு சிதம்பரம் குடு" என்றேன்.

தங்கம்மாள் கதவைத் திறந்தாள். ஜெனிட்டாவை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தாள். என் கழுத்து, நெற்றி, கை. மூன்றையும் பார்த்து முடித்தாள்.

"இவுங்க யாரு?"

"ஹெல்பர் மா. என் மாமியார். பேரு ஆரோக்கியம்மாள்."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வெளக்கு வைக்கிற நேரத்துக்கு..." என்று இழுத்தாள்.

"எங்க வூட்டுக்காரர் செத்து பதினொரு வருசம் ஆவுதும்மா" என்றேன். "ஹார்பர்ல மூட்டை தூக்கித் தூக்கி நெஞ்சடைச்சு செத்தாரு. உங்க வூட்டுக்காரர் மூட்டை தூக்கல. பயப்படாதீங்க."

தங்கம்மாள் ஒதுங்கி வழி விட்டாள்.

தட்சிணாமூர்த்தி ஹாலில் உட்கார்ந்திருந்தார். "ரெண்டாவது தடவை ஏமாத்தறதுக்கா வந்திருக்கே?" என்றார்.

ஜெனிட்டா அந்த வீட்டு ஏணியைப் போட்டு, குழந்தை படுக்கிற அறைக் கிரில்லைக் கழற்றி, கேமரா வயரை உள்ளே விட்டாள். படம் அவள் போனில் தெரிந்தது. "வாங்க சார், நீங்களே பாருங்க" என்று கூப்பிட்டு மூன்று படத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். சுத்தம் செய்வதற்கு முன்பு எடுத்தது: பச்சையும் கருப்புமாகப் பூனை மயிர் மாதிரி பூசணம். வேலை முடிந்ததும் எடுத்தது: தகரம் பளபளவென்று. இன்றைக்கு எடுத்தது: தகரம் முழுக்கக் கருப்பு, கண்ணுக்கு மை தடவினது மாதிரி.

"நான் சரியாத் தேய்க்காம வுட்டிருந்தா மூலையில திட்டுத் திட்டா நிக்கும் சார். இது ஒரே சீரா படிஞ்சிருக்குது. அதுக்கப்புறம் வந்தது."

"எங்கேருந்து வரும்? நாங்க ஜன்னலே தெறக்கறதில்ல."

"அதான் சார் நானும் கேக்கறேன்." தங்கம்மாள் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னென்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்கம்மா. நாங்க ஓரமா நின்னுக்கறோம்" என்றாள்.

ஆறு மணிக்குத் தங்கம்மாள் விளக்கு ஏற்றினாள். சாமி அலமாரி ஹாலில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, சுவரில் முழங்கால் உயரத்தில், காற்று திரும்பிப் போகிற அந்தப் பெரிய கிரில். வாசனை வெளியே போய்விடக்கூடாது என்று எல்லா ஜன்னலையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. தூபக்காலில் நெருப்புக் கங்கு போட்டு, அதன் மேல் சாம்பிராணியை அள்ளிக் கொட்டினாள். ஒரு பிடி இல்லை, மூன்று பிடி. "முன்னெல்லாம் கொஞ்சமாத்தான் போடுவேன். நாத்தம் வந்ததுலேருந்து ஜாஸ்தியாப் போடறேன்" என்று அவளே சொன்னாள்.

புகை எழும்பியது. ஒரு முழ உயரம் நேராகப் போனது. பிறகு யாரோ கயிறு கட்டி இழுப்பது மாதிரி வளைந்து, அலமாரியைத் தாண்டி, அந்தக் கிரில்லுக்குள் போனது. ஜெனிட்டா டார்ச்சை வாங்கி அதன் மேல் அடித்தாள். வெளிச்சத்தில் புகை ஆறு மாதிரி ஓடுவது எல்லாருக்கும் தெரிந்தது.

"இப்ப பாப்பா ரூமுக்கு வாங்க சார்."

குழந்தை கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தது. அதன் மூச்சு விசில் மாதிரி கேட்டது. அதன் தலைக்கு நேர் மேலே இருந்த கிரில்லில் டார்ச்சை அடித்தாள். அங்கிருந்து புகை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அங்க போட்டது இங்க வருது" என்றாள். "சாம்பிராணிப் புகையில பிசின் இருக்குது. அது தகரத்துல ஒட்டுது. அந்தப் பிசுக்குல தூசி ஒட்டுது. மெஷின் ஈரம் பட்டு பூசணம் பூக்குது, நாத்தம் வருது. நாத்தம் போகணும்னு அம்மா இன்னும் ஜாஸ்தியாப் போடறாங்க. மெஷின்ல இருக்குற ஃபில்டர் பெரிய தூசியத்தான் தடுக்கும், புகையத் தடுக்காது."

"நான் அப்பவே சொன்னேன் ஆயா, மூக்குல குத்துதுன்னு" என்றாள் இசைவாணி, தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

தங்கம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. தூபக்கால் கையிலேயே இருந்தது. "சாமிக்குப் போடறத நிறுத்தச் சொல்றியா? நாப்பது வருசமா போடறேன். உங்க மதத்துக்காரங்களுக்கு எங்க வூட்டுச் சாம்பிராணி கண்ண உறுத்துதா?"

"எங்க கோயில்லயும் தூபம் போடறாங்கம்மா" என்றேன் நான். "பூசை வைக்கிற சாமியாரே இருமறாரு. ஆனா அங்க பத்து ஜன்னல் தொறந்து கெடக்குது. நீங்க பொட்டிக்குள்ள வச்சில்ல போடறீங்க."

"அத்தே, செத்த சும்மா இருங்க" என்றாள் ஜெனிட்டா. பிறகு தங்கம்மாளிடம், "நிறுத்தவே வேணாம்மா. போடறப்ப ஏசிய நிறுத்துங்க. ஜன்னலத் தொறந்து வைங்க. புகையெல்லாம் போனப்புறம் ஏசி போடுங்க. சாமிக்குப் போட்டது சாமிக்குப் போகட்டும். பாப்பா நெஞ்சுக்குள்ள எதுக்குப் போகணும்?" என்றாள்.

தங்கம்மாள் தூபக்காலைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு, வந்து ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தாள். பல நாளாகத் திறக்காத கொக்கிகள். ஒன்றுக்குச் சுத்தியல் தேவைப்பட்டது.

நாங்கள் வேலையை ஆரம்பித்தோம். நான் மற்ற அறைக் கிரில்களுக்கு பாலிதீன் தாள் ஒட்டினேன், ஏணியைப் பிடித்தேன், வேக்குவம் குழாயைப் பிடித்தேன். ஜெனிட்டா பொய்க்கூரையில் இருக்கிற சின்னக் கதவு வழியாக ஏறி, வயிற்றை இழுத்துக்கொண்டு தவழ்ந்து போனாள். மேலேயிருந்து பிரஷ் சுற்றுகிற சத்தம் வரும். பிறகு, "அத்தே, குழாய இன்னும் தள்ளுங்க" என்று குரல் வரும். மெஷினுக்கு அடியில் இருந்த தண்ணீர்த் தட்டில் பாசி மாதிரி வழுவழுவென்று படிந்திருந்தது. அதையும் எடுத்துக் கழுவினாள். ராத்திரி வெகு நேரம் கழித்து இறங்கி வந்தபோது பல்லும் கண்ணும்தான் வெள்ளை. என் புடவையும் அப்படித்தான். இந்த அழுக்கில் இந்தப் பெண் தினமும் படுத்து எழுகிறாள் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு நாளும் அவள் என்னிடம் அலுத்துக்கொண்டதில்லை. நான் மீன் குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வேலை முடிந்தால் வீட்டுக்காரர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதன் கீழே வேலை செய்தவர் கையெழுத்து. தட்சிணாமூர்த்தி எழுதிக் கொடுத்தார். ஜெனிட்டா சத்தமாகப் படித்தாள். "முதல் முறை சரியாகச் சுத்தம் செய்யாததால் மீண்டும் செய்யப்பட்டது. இப்போது திருப்தி."

தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். "இதுல நான் கையெழுத்து போட மாட்டேன் சார்."

"ஏம்மா, திருப்தின்னு எழுதியிருக்கேன்ல?"

"முதல் வரி பொய் சார்."

"ஒரு வரில என்னா வந்துடப் போவுது? வேலை முடிஞ்சுது. போயிட்டு வாங்க."

"அந்த வரிலதான் சார் என் வேலை இருக்குது. அது உங்களுக்கு ஒரு வரி. அதோட போனா நாளைலேருந்து நான் போன் எடுத்துக்கினு உக்காந்திருக்கணும்."

"அப்போ என் பொண்டாட்டி பண்ண தப்புன்னு எழுதச் சொல்றியா?"

"அம்மா பேரு வேணாம். சாம்பிராணின்னு கூட வேணாம். முதல் தடவை சுத்தம் சரியா இருந்துச்சு, அப்புறம் வூட்டுப் புகை உள்ள போயிடுச்சு. இவ்ளோதான் எழுதணும்."

"எழுதலன்னா என்னா பண்ணுவே?"

"எழுதற வரைக்கும் இங்கயே நிக்கிறேன்."

அவர் எழுந்து போய் டிவியைப் போட்டார். இவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. எனக்கு முட்டி வலி. வெண்ணெய் நிறத்தில் பெரிய சோபா ஒன்று இருந்தது. கரி பிடித்த புடவையோடு அதில் போய் உட்கார்ந்தேன்.

"ஐயோ, சோபா" என்றாள் தங்கம்மாள்.

"மெஷின் இருக்குதும்மா. கிளம்பறப்ப உறிஞ்சிக் குடுத்துட்டுப் போறோம். எப்ப கிளம்புவோம்னுதான் தெரியல."

டிவியில் செய்தி முடிந்து விளம்பரம் வந்தது. தங்கம்மாள் சோபாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜெனிட்டாவைப் பார்த்தாள். போய் டிவியை நிறுத்தினாள்.

"எழுதிக் குடுங்க" என்றாள் புருஷனிடம். "அந்தப் பொண்ணு பொய் சொல்லல. நான்தான் மூடி வச்சிப் போட்டேன். என் பேரைப் போட்டாலும் போடுங்க. குழந்தை மூக்குல குத்துதுன்னு சொன்னப்ப நான் அதட்டுனேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு புதுத் தாள் எடுத்து ஜெனிட்டா சொன்னபடியே எழுதினார். தங்கம்மாள் பெயரைப் போடவில்லை. ஜெனிட்டா இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"நெட்டுல எழுதினத எடுத்துடுங்க சார்."

"நாளைக்குப் பாக்கலாம்மா."

"இப்பவே பாக்கலாம் சார். எப்படி எடுக்கறதுன்னு நான் காட்டறேன்."

காட்டினாள். எடுத்தார். நான் சோபாவை விட்டு எழுந்தேன். சொன்னபடியே ஜெனிட்டா அதை உறிஞ்சி, ஈரத்துணியால் துடைத்தாள். ஓரத்தில் கொஞ்சம் கரி போகவில்லை. தங்கம்மாள் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். எங்கள் இருவருக்கும் காபி கொடுத்தாள். அவர்கள் குடிக்கிற அதே டம்ளரில்தான் எனக்கும்.

திங்கள்கிழமை கம்பெனியில் நடந்ததை ஜெனிட்டா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஸ்ரீதர் அந்தத் தாளைப் படித்தானாம். மறுபடியும் படித்தானாம்.

"அந்த மனுஷனை இத எப்படி எழுத வச்சே?"

"நின்னேன் சார்."

"மன்னிப்பு லெட்டர்?"

"எழுதல. எழுத ஒண்ணுமில்ல."

"நல்லா வேலை செய்றே, சரி. ஆனா கொஞ்சம் பணிவா இருக்கக் கத்துக்க."

"ஏணில நின்னுகினு பணிஞ்சா வுழுந்துடுவேன் சார்."

கதிரவன் அங்கேதான் நின்றானாம். சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டானாம். ஸ்ரீதர் தாளை ஃபைலில் வைத்துவிட்டு, வியாழக்கிழமை பண்ருட்டியில் ஒரு டாக்டர் வீட்டு டக்ட் வேலைக்கு ஜெனிட்டாவின் பெயரை எழுதினான்.